பெரிய மீன் பிழைத்த தண்ணீரில் குஞ்சு பிழைக்காதது ஏன்? தருமபுரியில் கோமாளி மீன் வளர்ப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

தருமபுரி நகரை ஒட்டிய ஒரு வீட்டின் மாடி அறையில், ஓர் இணை ஓசெல்லாரிஸ் கோமாளி மீன்கள் நான்கு மாதத்துக்குள் ஏழு முறை முட்டையிட்டன. முதல் இரண்டு ஈட்டையும் மீன்களே தின்றுவிட்டன. அடுத்த மூன்று ஈடுகள் குறித்த நாளில், குறித்த நேரத்தில் பொரிந்தன. ஆனால் ஒரு குஞ்சுகூட மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. ஆறாவது ஈட்டின் குஞ்சுகள் ஏழாம் நாள்வரை நன்றாக நீந்திவிட்டு, இரண்டே நாளில் கொத்தாகச் செத்தன. ஏழாவது ஈட்டில்தான் குஞ்சுகள் வெள்ளைப் பட்டை போட்டுத் தரையிறங்கின.

மீன்களை வைத்திருந்தவர்கள் முதுகலை விலங்கியல் மாணவர்கள் இருவர். பவளப்பாறை மீன்களின் வாழ்க்கைச் சுழற்சியை முட்டையிலிருந்து பதிவு செய்வது அவர்களுடைய திட்ட ஆய்வு. தருமபுரியிலிருந்து கடலுக்குச் சாலை வழியாக 200 கிலோமீட்டருக்கு மேல். கடல்நீரை வண்டியில் கொண்டுவருவது கட்டுப்படியாகாது என்பதால், செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே எல்லாம் நடந்தது. சிக்கலும் அந்தக் கரைக்கும் தண்ணீரில்தான் இருந்தது. அது வெகுநாள்வரை யார் கண்ணிலும் படவில்லை, ஏனென்றால் பெரிய மீன்கள் இரண்டும் அதே தண்ணீரில் கொழுகொழுவென்று இருந்தன.

ஒரே மீன், இரண்டு பிழைப்பு

கோமாளி மீனைப் பாறை மீன் என்கிறோம். பாறையில் வாழ்வது வளர்ந்த மீன் மட்டும். முட்டை பொரிந்த இரவிலேயே குஞ்சு பாறையை விட்டுக் கிளம்பி, மிதவை உயிரிகளோடு திறந்த நீரில் கலந்துவிடும். சுமார் 8 முதல் 12 நாள் அங்கே இருந்துவிட்டு, உருமாறி, ஒரு கடல் சாமந்தியை (அனிமோன்) தேடி மீண்டும் பாறைக்கு இறங்கும். மற்ற பல பாறை மீன்களுக்கு இந்தத் திறந்தநீர்க் காலம் வாரக்கணக்கில் நீளும். கோமாளி மீனுக்குக் குறைவு என்பதால்தான் தொட்டியில் வளர்த்துப் பார்க்க அது ஏற்ற மீன்.

குஞ்சு எங்கே போகிறது என்ற கேள்விக்குப் பாப்புவா நியூ கினியின் கிம்பே விரிகுடாவில் ஒரு நேர்த்தியான விடை கிடைத்தது. பெண் மீன்களுக்கு பேரியத்தின் அரிய ஐசோடோப்பு ஒன்றை ஆய்வாளர்கள் ஊசியாகப் போட்டார்கள். அது முட்டை வழியாகக் குஞ்சின் காதுக்குள் உள்ள சிறு சுண்ணாம்புக் கல்லில், அதாவது செவிக்கல்லில், அடையாளமாகப் பதிந்தது. பிறகு அங்கே தரையிறங்கிய பெர்குலா கோமாளிக் குஞ்சுகளைப் பிடித்துப் பார்த்தபோது, ஏறக்குறைய 60 சதவீதம் அதே தீவுப் பாறையில் பிறந்தவை. 2007-இல் வெளியான முடிவு இது. அங்கே வந்து இறங்கிய குஞ்சுகளில் பாதிக்கு மேல், திறந்த கடலுக்குப் போய்விட்டுப் பிறந்த வீட்டுக்கே திரும்பியவை.

பாறைக்கு வந்த பிறகு அங்கே ஒரு வரிசை உண்டு. ஒரு சாமந்தியில் உள்ள கூட்டத்தில் மிகப் பெரியது பெண். அடுத்தது ஆண். மற்றவை எல்லாம் இனப்பெருக்கம் செய்யாத சிறுசுகள். பெண் போய்விட்டால் ஆண் பெண்ணாக மாறும், சிறுசுகளில் பெரியது ஆணாகும். ஒவ்வொரு படியில் உள்ளதும் மேலே உள்ளதைவிடக் குறிப்பிட்ட அளவு சிறியதாகவே தன் வளர்ச்சியை அடக்கிக்கொள்ளும். அளவு நெருங்கினால் மேலே உள்ளது துரத்திவிடும். சாமந்தியை விட்டு வெளியேறிய சிறிய மீனுக்கு ஆயுள் குறைவு.

இணை சேர்ப்பதில் தெரிந்துகொள்ள வேண்டியது இது மட்டும்தான். ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று கடையில் தேடுவது வீண். ஒன்று பெரியதும் ஒன்று சிறியதுமாக இரண்டு இளம் மீனை விட்டால் போதும். பெரியது பெண்ணாகும். இந்த மீன்களும் பொரிப்பகத்தில் பிறந்து, அப்படிச் சேர்ந்தவை.

தொட்டி

3 அடி நீளம், 1 அடி அகலம், 1¼ அடி உயரம். விளிம்புவரை 106 லிட்டர் பிடிக்கும், நிகரமாக 90 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஸ்பாஞ்ச் பில்டர், கரண்ட் போனால் தானாக ஓடும் பேட்டரி ஏர் பம்ப், தரையில் மெல்லிய அடுக்காகச் சிப்பித் துருவல், ஒரு சிறிய அனிமோன். பவளக்கல் எதுவும் இல்லை. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து எடுத்து வந்த கல் என்று யாராவது விற்றால், அதை வாங்குவதும் குற்றமே. முட்டையிட 6 அங்குல டைல் ஒன்றை, சொரசொரப்பான பின்பக்கம் மீனைப் பார்க்குமாறு சாய்த்து வைத்திருந்தார்கள். பாதி உடைத்த மண்சட்டியும் இதே வேலையைச் செய்யும். டைலில் ஒரு வசதி, முட்டையோடு தூக்கி வேறு வாளிக்கு மாற்றலாம்.

வெப்பம் 27 டிகிரி, உப்பு 34 பி.பி.டி. (ஆயிரத்தில் 34 பங்கு), பி.எச். 8.1 முதல் 8.2. உப்பு ஒரு லிட்டருக்குச் சுமார் 36 கிராம். அதாவது 20 லிட்டர் கேனுக்கு 720 கிராம். தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால், அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாகப் படிந்து கால்சியம் வீணாகும். காற்றுக்கல் போட்டு ஒரு நாள் ஓடவிட்ட பிறகே தொட்டிக்குப் போகும். சமையல் கல் உப்பைப் போட்டால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. அது சோடியம் குளோரைடு மட்டுமே. கடலில் கரைந்திருக்கும் உப்பில் குளோரைடும் சோடியமும் போக, சல்பேட், மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்து ஏழில் ஒரு பங்கு. அந்த ஒரு பங்கு இல்லாமல் மீன் நிற்காது.

கோடை மாடி அறை. கான்கிரீட் தளம் இரவெல்லாம் சூட்டைக் கக்கும். தொட்டியின் மேல் சிறிய மேசை விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பைப் பார்த்து வைத்ததில் 2 முதல் 3 டிகிரி குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை, நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லிட்டர் ஆவி. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நிற்கும். எனவே தினமும் 2 லிட்டர் நன்னீர் ஊற்ற வேண்டும். இந்த 2 லிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டைலின் மேல் எட்டு நாள்

முட்டையிடுவதற்கு இரண்டு நாள் முன்பே ஆண் டைலை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யத் தொடங்கும். பெண்ணின் வயிறு பின்பக்கம் உருண்டு இறங்கும். பகலில், பெரும்பாலும் முற்பகலில், பெண் டைலை உரசிக்கொண்டே வரிசையாக முட்டையை ஒட்டிச் செல்ல, ஆண் பின்னாலேயே வந்து விந்தைத் தெளிக்கும். ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். இந்த இணை ஓர் ஈட்டுக்கு 250 முதல் 300 முட்டை வைத்தது. 14 அல்லது 15 நாளுக்கு ஒரு முறை மறு ஈடு.

கைவிளக்கும் கைலென்சும் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முட்டையும் சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குப்பி. அடிப்பக்கம் நுண்ணிய நார்க்கொத்தால் டைலில் ஒட்டியிருக்கும், மேல்முனை நீரோட்டத்தில் ஆடும். முதல் நாள் பளிச்சென்ற ஆரஞ்சு. அது முழுக்க மஞ்சள் கருவின் நிறம். மூன்றாம் நாள் கருமை ஏறும். நான்காம் நாள் குப்பிக்குள் கறுப்பாக இரண்டு கண்புள்ளி. ஆறாம் நாளுக்கு மேல் அந்தக் கண்ணைச் சுற்றி வெள்ளி மினுக்கும். ஒரு கோணத்தில் டார்ச் அடித்தால் டைல் முழுக்க ஊசிமுனை ஊசிமுனையாக ஒளி திரும்பி வரும். அந்த வெள்ளி தெரிந்துவிட்டால் அன்று இரவோ மறுநாள் இரவோ பொரிப்பு. 27 டிகிரியில் ஏழாம் இரவு அல்லது எட்டாம் இரவு. தண்ணீர் குளிர்ந்தால் நாள் தள்ளும்.

எட்டு நாளும் காவல் ஆணுடையது. மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். வாயால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, வெளுத்துப்போன முட்டையைப் பிடுங்கித் தின்னும். வெளுத்தது கெட்ட முட்டை. அதை விட்டுவைத்தால் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். புதிதாகச் சேர்ந்த இணை முதல் ஓரிரு ஈட்டைத் தின்றுவிடுவது சாதாரணம். அதைப் பார்த்துப் பதறி மீனை மாற்றத் தேவையில்லை. சாப்பாட்டை நாளைக்கு மூன்று வேளையாக்கி, பொடியாக அரிந்த இறால் சதையும் மட்டிச் சதையும் கொடுத்ததில், மூன்றாம் ஈட்டிலிருந்து இந்த ஆண் ஒழுங்காகக் காவல் காத்தது.

பொரிப்பு நடப்பது விளக்கணைந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில். பாறையில் பகலெல்லாம் மிதவையைக் கொத்தித் தின்னும் மீன்கள் இருட்டியதும் ஒதுங்கிவிடும் என்பதால், குஞ்சு கிளம்பத் தோதான நேரம் அது. தொட்டியிலும் இந்த ஒழுங்கு மாறாது. ஜன்னல் வழியாகத் தெருவிளக்கு விழுந்தால்கூடப் பொரிப்பு தள்ளிப்போகும்.

மூன்று ஈடுகளின் சாவு

மூன்று ஈட்டுக்கும் செய்முறை ஒன்றே. வெள்ளிக் கண் தெரிந்த மாலையில் டைலைத் தூக்கி, 30 லிட்டர் கறுப்பு வாளியில் வைத்தார்கள். வாளியில் இருந்தது தாய்த்தொட்டியின் தண்ணீர். தகப்பன் விசிறுவதற்குப் பதிலாக, டைலின் முன்னால் காற்றுக்கல்லின் குமிழ்த்திரை முட்டையை லேசாக அசைக்கும்படி வைத்தார்கள். வாளியைப் போர்வையால் மூடினார்கள். இரண்டு மணி நேரத்தில் பொரிந்தது. காலையில் போர்வையை விலக்கினால் 3, 4 மில்லிமீட்டர் நீளத்தில் கண்ணும் வாலும் மட்டும் உள்ள குஞ்சுகள் கூட்டமாக நீந்தின.

கோமாளிக் குஞ்சு வாய் திறந்தே பிறக்கும். மஞ்சள் கரு மிச்சம் மிகக் கொஞ்சம். முதல் நாளே இரை வேண்டும், அதுவும் வாய்க்குள் நுழைகிற, தானாக நீந்துகிற இரை. ரோட்டிஃபர் என்ற நுண்ணிய மிதவை உயிரி அதற்குத்தான். பிராக்கியோனஸ் இனம், சுமார் 100 முதல் 300 மைக்ரான். வாளியில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 இருக்க வேண்டும். 30 லிட்டர் வாளிக்கு 3 லட்சம். வளர்ப்பு வாளியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 இருந்தால், 3 லிட்டரை 50 மைக்ரான் வலையில் வடித்து, புதுக் கடல்நீரில் அலசிப் போட வேண்டும். அலசாமல் ஊற்றினால் வளர்ப்பு வாளியின் அம்மோனியாவும் குஞ்சு வாளிக்கு வந்துவிடும்.

இதெல்லாம் நடந்தது. முதல் நாள் மாலைக்குள் குஞ்சுகள் மேலே தலைகுத்தி நின்றன. இரண்டாம் நாள் பாதி அடியில் கிடந்தன. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. மூன்று ஈட்டிலும் அச்சு மாறாமல் இதே கதி. ரோட்டிஃபர் வளர்ப்பு வாளிகளும் அறுவடை செய்து புதுத் தண்ணீர் ஊற்றிய ஒவ்வொரு முறையும் கலைந்தன. வெளியிலிருந்து புது வித்து வாங்கிப் போட்டால் நாலைந்து நாள் நன்றாக இருக்கும், பிறகு அடியில் படியும்.

செத்த குஞ்சுகளில் சிலவற்றை 95 சதவீத எத்தனாலில் போட்டு வைத்திருந்தது இங்கே உதவியது. பார்மலினில் போடாதது நல்லது. அதன் அமிலம் செவிக்கல்லைக் கரைத்துவிடும், பிறகு நாளுக்கு ஒன்றாக அதில் விழும் வளையத்தை எண்ண முடியாது. நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது எல்லாக் குஞ்சின் குடலும் வெறுமை. ரோட்டிஃபரின் ஓடு ஒன்றுகூட இல்லை. தின்ற பிறகு சாகவில்லை, தின்னாமலே செத்திருக்கின்றன.

புளோரைடு மேல் பழி

முதல் சந்தேகம் உள்ளூர் நிலைமையிலிருந்து வந்தது, அதில் வியப்பில்லை. பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு என்பது இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். கறைபிடித்த பல்லும் வளைந்த காலும் தலைமுறைகளாகப் பார்த்த ஊர். அதற்காகவே ஜப்பான் நிதியுதவியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்து, 2013 முதல் காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் குழாயில் வருகிறது. வித்து வாங்கிய கடைக்காரரும் அதையே சொன்னார்: "தம்பி, ஒங்க ஊரு தண்ணில மனுசன் பல்லே தாங்கல. மீன் குஞ்சு எப்பிடிப் பொழைக்கும்?"

"அண்ணா, கடல் தண்ணியிலயே அது லிட்டருக்கு 1.3 மில்லிகிராம் இருக்குதே" என்றார் மாணவர்களில் ஒருவர். இந்தப் பதில் சரியானது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் புளோரைடு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை. கடல் மீன் பிறந்து வளர்வதே அந்த அளவுப் புளோரைடில்தான். அதுவும் போக, தொட்டிக்குப் போனது கிணற்று நீரும் அல்ல. சமையலறை ஆர்.ஓ. இயந்திரத்தின் தண்ணீர். கரைபொருளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 70. வீட்டில் உள்ள எல்லாத் தண்ணீரிலும் சுத்தமானது என்று எல்லோரும் நம்பியது.

அம்மோனியா, நைட்ரைட் சோதனையில் பூஜ்யம். வெப்பம் சரி. உப்பளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரில் பூஜ்யம் வைக்காமல், 35 பி.பி.டி. அளவுத் திரவத்தில் சரிபார்த்தார்கள். அதிலும் பிழையில்லை.

பார்க்காமல் விட்ட தடயங்கள் மூன்று. பாசி தின்னட்டும் என்று விட்ட கடல் நத்தைகள் வந்த வாரமே செத்தன. வழியில் அடிபட்டிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். அனிமோன் சுருங்கியே கிடந்தது. வெளிச்சம் போதவில்லை என்று நினைத்தார்கள். கடல் தொட்டி வைத்தவர் எல்லோரையும் ஒரு முறையாவது படுத்தும் வெண்புள்ளி நோய் இந்த மீன்களுக்கு வரவே இல்லை. நல்ல மீன் என்று மகிழ்ந்தார்கள். முதுகெலும்பில்லாத உயிர் எல்லாம் வாடுகிறது, மீன் மட்டும் நோயே இல்லாமல் இருக்கிறது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் மூன்றாம் ஈட்டிலேயே விடை கிடைத்திருக்கும்.

ஐந்து டம்ளர்

விடை கண்டது மலிவான ஒரு சோதனையில். ஐந்து கண்ணாடி டம்ளர், ஒவ்வொன்றிலும் 200 மில்லிலிட்டர். ஒரே பொட்டலத்து உப்பு, எல்லாம் 25 பி.பி.டி. புதிதாக வாங்கிய ரோட்டிஃபர் வித்து, டம்ளருக்குச் சுமார் 50. எல்லாவற்றையும் 27 டிகிரியில் ஒரு நாள் வைத்தார்கள்.

முதல் டம்ளர் சமையலறை ஆர்.ஓ. நீரில் கரைத்தது. இரண்டாவது கடையில் வாங்கிய 20 லிட்டர் கேன் நீர். மூன்றாவது ஒகேனக்கல் குழாய் நீர், தயோசல்பேட் போட்டுக் குளோரினை முறித்தது. ஒரு மில்லிகிராம் குளோரினுக்குச் சுமார் 7 மில்லிகிராம் தயோசல்பேட் வேண்டும். நான்காவது ஆழ்துளைக் கிணற்று நீர். ஐந்தாவது தாய்த்தொட்டி நீரைக் கேன் நீரால் 25-க்கு நீர்த்தது.

மறுநாள் காலை லென்சில் பார்த்தபோது, குழாய் நீரிலும் கேன் நீரிலும் ரோட்டிஃபர்கள் சுழன்று நீந்தின, பல பின்னால் முட்டையைச் சுமந்தன. எல்லோரும் பழி போட்ட கிணற்று நீரிலும் உயிரோடிருந்தன, முட்டை சுமந்தவை மட்டும் குறைவு. தாய்த்தொட்டி நீரில் பெரும்பாலானவை அடியில், ஒன்றிரண்டு இருந்த இடத்திலேயே சுற்றின. சுத்தமான ஆர்.ஓ. நீரில் ஒன்றுகூட அசையவில்லை.

ஒரே முறை செய்து நம்பக்கூடாது என்று மறுபடியும் செய்தார்கள். அதே முடிவு. பிறகு இயந்திரத்தின் மூடியைக் கழற்றினார்கள். வண்டல் வடிகட்டி, கார்பன், சவ்வு. சவ்வுக்குப் பிறகு, குழாய்க்கு முன்னால், கடைசியாக ஒரு சிறிய குப்பி. மேலே செம்பு என்று எழுதியிருந்தது. குடிநீரில் செம்புச் சத்துச் சேர்ப்பதற்காக வைத்த குப்பி அது. செம்புக் குடத்துத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்ற நம்பிக்கை நம் வீடுகளில் பழையது. இப்போது வரும் இயந்திரங்கள் பலவற்றில் அது குப்பியாக உள்ளே இருக்கிறது. சவ்வு கழற்றிய செம்பை இந்தக் குப்பி மீண்டும் சேர்க்கிறது.

குப்பிக்கு முன்னாலிருந்து பிடித்த நீரில் ரோட்டிஃபர் பிழைத்தது. பின்னால் பிடித்ததில் செத்தது. செம்புச் சோதனைத் திரவமும் தாய்த்தொட்டி நீரில் நிறம் காட்டியது.

செம்பு செய்தது

ஒரு லிட்டரில் 0.1 மில்லிகிராம் அளவுச் செம்பே ஒரு நாளில் ரோட்டிஃபரில் பாதியைக் கொல்லப் போதும். நத்தை, அனிமோன், இறால் இனங்கள் எல்லாம் இதே கட்சி. ஆனால் வளர்ந்த கடல் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால், லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம் செம்பை மருந்தாகவே வாரக்கணக்கில் கொடுப்பார்கள். மீன் தாங்கும், ஒட்டுண்ணி சாகும். இந்த மாடித் தொட்டியில் நடந்தது யாரும் எழுதிக் கொடுக்காத அந்த மருத்துவம்தான். மீன் கொழுத்ததும் வெண்புள்ளி வராததும் அதனால்தான். குஞ்சுக்கு விழுந்தது இரட்டை அடி. அதன் இரை ஒரு நாளில் அடியில் படிந்துவிட்டது. செதிலும் தடித்த தோலும் இல்லாத அதன் உடம்பே செம்பை நேராகவும் வாங்கிக்கொண்டது.

டி.டி.எஸ். மீட்டர் ஏன் காட்டவில்லை என்றால், அது காட்டுவது மொத்தக் கரைபொருளின் மின்கடத்தல் கணக்கு. 70-க்குள் 0.2 எங்கே தெரியும்?

அந்த 2 லிட்டருக்கு இப்போது வருவோம். குப்பி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் செம்பைச் சேர்க்கிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் ஊற்றும் 2 லிட்டர் வழியாக 0.4 மில்லிகிராம் உள்ளே போகிறது. தண்ணீர் ஆவியாகும், செம்பு ஆவியாகாது. 90 லிட்டரில் ஒரு மாதத்துக்கு லிட்டருக்கு 0.13 மில்லிகிராம் கூடுகிறது. ஒரு பங்கு சிப்பித் துருவலில் ஒட்டிக்கொள்ளும். அது தொலைந்தது அல்ல, சேமித்து வைத்தது. பி.எச். இறங்கும் நாளில் மெதுவாகத் திரும்ப வரும். கோடை மாடியும் விசிறியும் இல்லாத குளிர்ந்த ஊரில் இதே இயந்திரம் இவ்வளவு வேகமாகக் கேட்டைக் கூட்டியிருக்காது.

சரிசெய்த விதம்

குப்பிக்கு முன்னால் ஒரு டீ இணைப்பு போட்டு, சவ்விலிருந்து நேராக மீன் தண்ணீருக்குத் தனிக் குழாய் எடுத்தார்கள். ருசிக்காக வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் டி.டி.எஸ். திருகு அந்தக் குழாய்க்குப் பின்னால் வருமாறு பார்த்துக்கொண்டார்கள். அந்தத் திருகு திறந்திருந்தால் ஆர்.ஓ. என்ற பெயரில் கிணற்று நீரும் சேர்ந்து வரும், வீட்டு இயந்திரங்களில் இது அடிக்கடி நடக்கிற தவறு.

தாய்த்தொட்டியில் நாலு நாள் இடைவெளியில் மூன்று முறை பாதித் தண்ணீரை மாற்றினார்கள். மூன்று பாதி என்றால் எட்டில் ஒரு பங்குதான் மிச்சம். புதுத் தண்ணீரின் வெப்பமும் உப்பும் தொட்டியோடு ஒத்திருந்ததால் இணை இடையில் முட்டை வைப்பதை நிறுத்தவில்லை. சிப்பித் துருவலை முழுதாக அள்ளி எறிந்தார்கள். இதைச் செய்ய மனமில்லாமல் அலசிப் போட்டுவிட்டால் சிக்கல் ஓயாது. புது ஆக்டிவேட்டட் கார்பனை ஒரு வாரம் ஓடவிட்டார்கள். பிறகு டம்ளர் சோதனையில் தாய்த்தொட்டி நீரில் ரோட்டிஃபர் முட்டை சுமந்து நீந்தியது. அதன் பிறகே ஆறாவது ஈட்டின் டைல் வாளிக்கு மாறியது.

ஒன்பதாம் நாள்

ஆறாவது ஈடு நன்றாகவே போயிற்று. குடல் நிறைந்து வெளிறித் தெரிந்தது. பிறகு எட்டு, ஒன்பதாம் நாளில், பட்டை போட வேண்டிய நேரத்தில், வாளி மூடியைத் திறந்த அதிர்ச்சிக்கே குஞ்சுகள் துடித்து உடம்பை வளைத்துச் செத்தன.

இது வேறு நோய், காரணமும் வேறு. ரோட்டிஃபருக்குக் கொடுத்தது பேக்கரி ஈஸ்ட் மட்டும், 10 லட்சத்துக்கு நாளொன்றுக்கு 1 கிராம் கணக்கில். ஈஸ்டில் ரோட்டிஃபர் பெருகும், ஆனால் அதில் டி.எச்.ஏ. என்ற கொழுப்பு அமிலம் இல்லை. கடல் மீன் குஞ்சால் அதைத் தானாகப் போதிய அளவு செய்துகொள்ள முடியாது. கண்ணும் மூளையும் நரம்பும் அதைக் கொண்டுதான் கட்டப்படுகின்றன. வயிறு நிறைந்தும் சத்து இல்லாத குஞ்சு, உடம்பு மொத்தத்தையும் மாற்றிக் கட்ட வேண்டிய உருமாற்ற நாளில் விழுந்துவிடுகிறது.

நானோகுளோராப்சிஸ் பாசியில் இ.பி.ஏ. என்ற இன்னொரு கொழுப்பு அமிலம் நிறைய, டி.எச்.ஏ. இல்லை என்றே சொல்லலாம். ஐசோகிரைசிஸ் பாசியில் டி.எச்.ஏ. உண்டு. இரண்டையும் கலந்த பாசிக் குழம்பை, ரோட்டிஃபர் குஞ்சு வாளிக்குப் போவதற்கு முன் சில மணி நேரம் கொடுத்தார்கள். குஞ்சு வாளியிலும் தண்ணீர் இளம்பச்சையாகும் அளவுக்குக் கொஞ்சம் விட்டார்கள். பச்சை நீரில் இரை பசியால் வற்றாது. வெளிச்சமும் சிதறிவிடும் என்பதால் குஞ்சு வாளிச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்பதும் குறையும்.

ஆர்ட்டிமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சு ஐந்தாம் நாளுக்குப் பிறகு, ரோட்டிஃபரை நிறுத்தாமல், கொஞ்சமாக. கவிழ்த்த ஒரு லிட்டர் பாட்டிலில் 1 கிராம் முட்டை, 28 டிகிரி, விளக்கு, பலமான காற்று, 24 மணி நேரம். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே, பொரிந்தவை அடியில். ஓட்டைப் பிரிக்காமல் ஊற்றினால் குஞ்சு அதை விழுங்கி, குடல் அடைத்துச் சாகும்.

ஏழாவது ஈடு

பத்தாம் நாள் முதல் பட்டை தெரிந்தது, தலைக்குப் பின்னால் புகை படிந்தது போல. இரண்டு நாளில் அது வெள்ளையாகத் திடப்பட்டது. நடு உடம்பில் இரண்டாவது பட்டை தொடங்கியபோது குஞ்சுகள் மேல்மட்டத்தை விட்டு வாளிச் சுவரையும் காற்றுக் குழாயையும் ஒட்டி நின்றன. திறந்த கடலை விட்டுப் பாறைக்கு இறங்கும் கணம், ஒரு பிளாஸ்டிக் வாளியில் இப்படித்தான் தெரிகிறது. பொரிந்தவற்றில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக இந்த நிலைக்கு வந்தன.

இப்போது புதுத் தண்ணீர் கலக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளரில் 50 ரோட்டிஃபர் ஒரு நாள் நிற்கிறது. வளர்ப்பு வாளியிலிருந்து ஒரு மில்லிலிட்டரை எடுத்து, ஒரு சொட்டு அயோடின் விட்டால் ரோட்டிஃபர்கள் நின்றுவிடும், எண்ணிவிடலாம். வளர்ப்பு வாளியில் நூற்றுக்கு 20, 30 முட்டை சுமந்திருந்தால் கவலையில்லை. பத்துக்குக் கீழே இறங்கினால், கண்ணுக்கு வாளி நன்றாகத் தெரிந்தாலும், உடனே வடித்துப் புது வாளிக்கு மாற்றுகிறார்கள்.

முப்பதாம் நாள் குஞ்சுகளை நெருக்கமாகவே ஒரு தொட்டியில் விட்டிருக்கிறார்கள். ஐந்தாறு என்று பிரித்து வைத்தால் பெரியது மற்றவற்றை மூலைக்குத் துரத்தித் துடுப்பைக் கடித்துவிடும். கூட்டமாக இருந்தால் துரத்தல் பரவிப் போகிறது. கூட்டத்துக்குள்ளேயே இரண்டு குஞ்சுகள் மற்றவற்றைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி வளர்ந்து, ஒரு மண்சட்டித் துண்டைத் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டன. பெரியது நெருங்கும்போது சிறியது உடம்பைச் சாய்த்து நடுங்கிக் காட்டுகிறது. அந்த இரண்டுக்கும் தனிக் குறிப்பேடு போட்டு, வாரம் ஒரு முறை நீளம் அளந்து வருகிறார்கள்.